பாக்கெட்டில் பச்சை இலை இருக்கிறது, மீனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை

அடையாறு நண்டு | சனி, காலை 9.40

போன வாரம் ஒரு ஆப்பில் அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கினேன், துண்டு போட்டது. பாக்கெட்டின் மேல் ஒரு பச்சை இலைப் படம். அதன் கீழே "சஸ்டெய்னபிள் முறையில் பிடித்தது", அதாவது கடலில் மீன் தீர்ந்துபோகாத முறையில். பக்கத்திலேயே "ஆன்டிபயாட்டிக் இல்லை". நடுக்கடலில் திரியும் வஞ்சிரத்துக்கு யார் போய் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள் என்று சிரிப்புதான் வந்தது.

சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டேன். எந்த ஊர் மீன், எந்த வலை, சஸ்டெய்னபிள் என்று சொன்னது யார். மூன்றே கேள்வி. அந்தப் பெண் பாவம், "ஃப்ரெஷ் மீன்தான் மேடம்" என்று நாலு முறை சொன்னாள். ஐந்தாவது முறை ஒரு தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தாள்.

இங்கே மீன் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சஸ்டெய்னபிள் என்ற இந்த வார்த்தைக்கு நம் ஊரில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? கடல் காலியாகிறது என்று படித்துவிட்டு வெறுமனே குழம்பு வைக்க மனசு வரவில்லை. ஆனால் எதை நம்பி வாங்குவது?

சும்மா கேட்டேன் | சனி, காலை 9.52

கூப்பனைப் பயன்படுத்தினீர்களா இல்லையா?

அடையாறு நண்டு | சனி, காலை 9.55

பயன்படுத்தினேன். இறால். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

தேம்ஸ் கரை | சனி, காலை 11.20

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே கடையில் எம்.எஸ்.சி. என்று ஒரு நீலச் சின்னம் பார்க்கலாம், சஸ்டெய்னபிள் மீன் என்று சான்று தரும் சின்னம். 1997ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் யூனிலீவர் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்தது, பிறகு தனி அமைப்பாகிவிட்டது. கடலில் பிடிக்கும் மீனுக்கு மட்டும்தான் அது. வளர்ப்பு மீனுக்கு ஏ.எஸ்.சி. என்று வேறு சின்னம்.

முதலில் எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நம்பிக்கை வந்தது 2019ல். வடகிழக்கு அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்கு அந்தச் சின்னம் இருந்தது. மீன் இருப்பு குறைகிறது, அளவோடு பிடியுங்கள் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். நாடுகள் ஆளுக்கு எவ்வளவு என்று ஒத்துப்போகவில்லை. அந்த வருஷம் மார்ச்சில் சான்றிதழை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பிடுங்கிக்கொள்ள முடிகிற சின்னம் என்றால் அதற்குப் பின்னால் யாரோ கணக்குப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் பச்சை இலையை யார் பிடுங்குவார்கள்?

இன்னொன்று. இங்கே ஐரோப்பிய ஒன்றியம் 2014 கடைசியில் கொண்டுவந்த விதிப்படி, பச்சை மீன் விற்கும்போது மீனின் அறிவியல் பெயர், பிடித்த கடற்பகுதி, எந்த வகை வலை அல்லது தூண்டில் என்பதையெல்லாம் எழுதியாக வேண்டும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நல்லது கெட்டது என்று அந்தத் துண்டுச்சீட்டு ஒன்றும் சொல்லாது. "இழுவலை" என்று மட்டும் போட்டிருக்கும். மீதியை நாம் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

செதில் | சனி, மதியம் 1.05

மீன்வளம் படித்தவன், கொஞ்ச காலம் மீன் இறங்குதளங்களில் கணக்கெடுத்திருக்கிறேன். அதனால் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்.சி. இந்தியாவுக்கும் வந்தது. கொல்லம் அஷ்டமுடிக் காயலில் எடுக்கும் மட்டிக்கு 2014ல் கிடைத்தது. நாட்டிலேயே அதுதான் முதல். ஏன் அதற்குக் கிடைத்தது என்று பார்த்தால் நம் சிக்கல் புரியும். ஒரே காயல், ஒரே இனம், கையாலும் சின்னக் கருவிகளாலும் எடுப்பது, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கத்துக்காக எடுப்பதை நிறுத்துவது. இப்படி இருந்தால் எண்ணலாம், அளக்கலாம், சான்று தரலாம்.

நம் விசைப்படகு மடியில், அதாவது கடலடியில் இழுத்துப் போகும் இழுவலையில், ஒரு இழுப்பில் என்ன வருகிறது? இறாலும் கணவாயும் காரப்பொடியும் செந்நகரையும் நண்டும் பெயர் தெரியாத நாற்பது வகையும் சேர்ந்து வருகிறது. அதில் எந்த மீனுக்குச் சின்னம் ஒட்டுவது? ஒரு இனம், ஒரு கம்பெனி, ஒரு கப்பல் என்று இருக்கும் குளிர்நாட்டுக் கடலுக்காக யோசித்த ஏற்பாடு அது. சின்னப் படகு வைத்திருப்பவர் தணிக்கைக் கட்டணம் கட்டி அதை வாங்கவும் முடியாது.

எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. நம்மால் ஆவணம் வைக்க முடியாமல் இல்லை. ஐரோப்பாவுக்குப் போகும் கடல் மீனுக்கு 2010லிருந்து பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், கொடுத்து அனுப்புகிறோம். ஆமை தப்பிக்கும் கருவி வலையில் இல்லை என்று 2019ல் அமெரிக்கா நம் கடல் இறாலை நிறுத்தியது, உடனே இங்கே அந்தக் கருவியைப் பற்றிக் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். வெளிநாட்டுத் தட்டுக்குப் போகும் மீனுக்குக் காகிதம், சைதாப்பேட்டைத் தட்டுக்கு வரும் மீனுக்கு வாய்ப்பேச்சு. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்த மாதம் சென்னையில் மீன் வாங்கிய யாருக்காவது அவர் வாங்கிய மீன் எந்த வலையில் வந்தது என்று தெரிந்திருக்குமா?

பாம்பன் காற்று | சனி, மதியம் 2.30

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். அப்பா நாட்டுப்படகு. நான் கரையில் வேறு வேலை பார்க்கிறேன், ஆனாலும் பாடு, அதாவது அன்றைக்குக் கிடைத்த மீன், நன்றாக இருந்தால் வீட்டிலிருந்து ஃபோன் முதலில் எனக்குத்தான் வரும்.

செதில் சார் சொன்ன நாற்பது வகைக்கு எங்கள் பக்கம் ஒரு பெயர் இருக்கிறது. சங்காயம். குஞ்சு குளுவான், உடைந்த நண்டு, யாரும் சாப்பிடாத பொடி எல்லாம் சேர்ந்த குவியல். காயவைத்துக் கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகிறது. அதில் பாதி, விட்டிருந்தால் அடுத்த வருஷம் விலை போகிற மீன். ஆனால் ஆப்பில் விற்கும் யாரும் சங்காயத்தைப் படம் எடுத்துப் போடமாட்டார்கள். மீன் வாங்குகிறவர் கண்ணில் படாத பகுதி அதுதான்.

இப்போது உங்கள் மூன்று கேள்விக்கு வருகிறேன் அக்கா. அப்பா செவுள்வலையில் பிடித்த சீலா காலையில் கரைக்கு வருகிறது. அது வரை எந்தப் படகு, எந்த வலை, எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஏலம் நடக்கிறது. எடுத்த வியாபாரி அதை விசைப்படகு மீனோடு ஒரே ஐஸ் பெட்டியில் போடுகிறார். அந்த நிமிஷத்தோடு தகவல் செத்துப்போகிறது. பிறகு மதுரையில், கோவையில், சென்னையில் அதன் மேல் யார் என்ன ஒட்டினாலும் அது கதைதான். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தனியாக வைத்தால் அவருக்கு ஒரு பைசா கூட வராது, அதனால் தனியாக வைப்பதில்லை.

சும்மா கேட்டேன் | சனி, மதியம் 2.41

சீலாவா? சென்னையில் ஷீலா என்றால் நீளமாகப் பல்லோடு இருக்குமே, அது வேறு மீன் ஆயிற்றே?

குளச்சல் மருமகள் | சனி, மதியம் 3.10

அய்யோ, பெயர் விஷயத்தைத் தொட்டுவிட்டீர்கள். பாம்பன் தம்பி சொல்லும் சீலாதான் சென்னையின் வஞ்சிரம், எங்கள் ஊரின் நெய்மீன். சென்னைக்காரர்கள் ஷீலா என்பதை நாங்கள் ஊளி என்போம். எங்கள் சாளை சென்னையில் கவலை, மலையாளிக்கு மத்தி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் "சாளை வாங்கி வா" என்று அனுப்ப, மீன்காரம்மா முன்னால் முழித்துக்கொண்டு நின்றது இன்னமும் வீட்டில் பேச்சு. சங்கரா என்ற ஒரு பெயரில் எத்தனை மீன் விற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெயரிலேயே பிடி இல்லாதபோது பச்சை இலை எதற்கு?

இதில் விளையாட்டில்லாத ஒன்று உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று சுறாப் புட்டு செய்வோம். "பால் சுறா" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். துண்டு போட்டுத் தோலை உரித்த பிறகு அது எந்தச் சுறா, இல்லை சுறா மாதிரியே இருக்கும் உழுவை என்ற திருக்கை வகையா என்று எனக்கே தெரியாது. உழுவை வகைகள் பலவற்றை 2022 சட்டத் திருத்தத்தில் வனவிலங்குப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதைவிட, சுறாவில் பாதரசம் சேரும் என்பதால் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன் பட்டியலில் அமெரிக்க உணவுத் துறை சுறாவை வைத்திருக்கிறது. நாம் தேடிப் போய் அவர்களுக்கே கொடுக்கிறோம்.

என் நாத்தனாரிடம் சுறா அழிகிறது என்று ஒரு வருஷம் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாதரசம் என்று ஒரு தடவை சொன்னேன், அன்றோடு நிறுத்திவிட்டாள். இப்போது சாளைப் புட்டுதான்.

செதில் | சனி, மாலை 4.00

நாத்தனார் கதையைத் தகவல் பிரச்சாரம் செய்கிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2018ல், மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் போடுகிறார்கள் என்று பயம் கிளம்பியது நினைவிருக்கிறதா? கேரள எல்லையில் லாரி லாரியாகப் பிடித்தார்கள், சென்னை மார்க்கெட் மீனிலும் இருந்தது என்று பரிசோதனை வந்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? சிலர் மீனையே விட்டார்கள், சிலர் பிளாஸ்டிக் பாக்கெட் மீனுக்குப் போனார்கள். அன்றைக்குப் பிடித்து அன்றைக்கே விற்கிற தெரு மீன்காரம்மாவும் சேர்ந்து அடி வாங்கினார். பயத்தை வைத்துச் சொன்னால் வேகமாகப் பரவும், ஆனால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

சும்மா கேட்டேன் | சனி, மாலை 4.20

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே 2022ல் ஆராய்ந்த 135 மீன் இருப்புகளில் 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. பேப்பரில் வந்தது. அப்புறம் எதற்கு இத்தனை புலம்பல்? தடைக்காலம் வேறு இருக்கிறது. சாப்பிடுங்கள் ஐயா.

செதில் | சனி, மாலை 4.55

நியாயமான கேள்வி, அந்த எண்ணும் சரிதான். ஆனால் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். இந்த இனம், இந்தக் கடற்பகுதியில், தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று சொல்கிறது. சங்காயத்தில் என்ன போனது, வலையில் ஆமை மாட்டியதா, கடலடி என்ன ஆனது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வராது. 135க்கு வெளியே இருக்கும் மீன்களும் வராது.

இருப்பு நன்றாக இருக்கிறது என்பது அந்த நாளைக்கு உண்மை, அவ்வளவுதான். கேரளத்தில் மத்தி 2012ல் கிட்டத்தட்ட நான்கு லட்சம் டன் கிடைத்தது. 2021ல் 3,297 டன். டன் கணக்கில் நாலு இலக்கம், நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. கடல் சூழல் மாறியது ஒரு காரணம், குஞ்சு மீன் வரை அள்ளியது இன்னொன்று என்று பேசிக்கொள்கிறார்கள். சில வருஷத்தில் மத்தி திரும்பியும் வந்தது. "மத்தி நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்று அச்சடித்த அட்டை ஒவ்வொரு வருஷமும் பொய்யாகவும் உண்மையாகவும் மாறிக்கொண்டிருந்திருக்கும். அதனால்தான் நிரந்தரப் பச்சை, நிரந்தரச் சிவப்பு என்ற பட்டியல் மேல் எனக்கு ஒட்டுதல் இல்லை. மேற்குக் கரைக்கு "நோ யுவர் ஃபிஷ்" என்று ஒரு குழு மாதவாரியாகப் போட்டது, எந்த மாதம் எந்த மீன் முட்டையிடுகிறது, அப்போது விட்டுவிடுங்கள் என்று. யோசனை நல்லது. அதைக் கிழக்குக் கரைக்கு அப்படியே பெயர்த்தால் தப்பாகிவிடும்.

தடைக்காலத்தைப் பற்றி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு. மேற்கே ஜூன், ஜூலை. "அது மீன் முட்டையிடும் காலம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். எல்லா மீனும் நம் நாட்காட்டி பார்த்து முட்டையிடுவதில்லை. ஆனாலும் இரண்டு மாதம் இழுவலை ஓயும், அதனால் பலன் இருக்கிறது. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் வாங்குவதில் குற்றம் ஒன்றுமில்லை. "தடைக்காலத்தில் மீன் தின்றால் பாவம்" என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பி அவர்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்.

கொழும்புத்துறை | சனி, இரவு 8.15

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இழையை முழுக்க வாசித்தேன். எல்லோரும் வலையைப் பற்றிக் கதைக்கிறீர்கள், கடலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

எங்கள் நாட்டில் இழுவைமடியை 2017ல் சட்டம் போட்டே தடை செய்தார்கள். ஆனால் பாக்கு நீரிணையில் இரவில் உங்கள் பக்க விசைப்படகுகளின் வெளிச்சம் தெரிகிறது, காலையில் எங்கள் ஆட்களின் வலைகள் அறுந்து கிடக்கின்றன. அந்தப் படகுகள் பிடிக்கும் இறாலும் கணவாயும் எங்கே போகின்றன? உங்கள் சந்தைக்குத்தான். "பிடித்த இடம்: ராமேஸ்வரம்" என்று ஒரு சீட்டில் எழுதினால் அது இறக்கிய இடமா, பிடித்த இடமா? அந்த ஒரு சொல்லை வடிவாக எழுதாவிட்டால் உங்கள் சீட்டுக்கு எங்கள் பக்கத்தில் மதிப்பில்லை. குறை சொல்ல வரவில்லை, கேட்கிறேன்.

பாம்பன் காற்று | சனி, இரவு 9.02

அண்ணே, நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் ஊர் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் அந்த மடியோடு சண்டைதான், அப்பாவின் வலையும் அறுந்திருக்கிறது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களும் என் சொந்தக்காரர்களே. கடன் வாங்கிப் படகு கட்டியவன், டீசல் போட்டவன், பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவன் எல்லாம் ஒரே தெரு. அதனால் என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் "இறக்கிய இடம்" என்றுதான் எழுத வேண்டும், "பிடித்த இடம்" என்று எழுதினால் பொய் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

உக்கடம் ஐஸ்பெட்டி | ஞாயிறு, காலை 6.30

கோவையில் சின்ன மீன்கடை. ராத்திரி முழுக்கப் படித்தேன், கடை திறக்கும் முன் எழுதுகிறேன். எல்லோரும் கடைக்காரனைத் திட்டாமல் விட்டதற்கு நன்றி.

எங்களுக்கு ராமேஸ்வரம், தூத்துக்குடி, கொச்சி மூன்று பக்கமிருந்தும் சரக்கு வருகிறது. வாடிக்கையாளர் கேட்பது இரண்டே கேள்வி. "இன்னைக்கு வந்ததா?" "முள் இருக்குமா?" வலை எது என்று இருபது வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் மேலே கேட்டிருப்பேன்.

ஒன்று செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. விலை எழுதும் கரும்பலகையில் பக்கத்தில் இடம் இருக்கிறது. என்ன எழுதட்டும்? நாலு வார்த்தைக்கு மேல் இடமில்லை.

செதில் | ஞாயிறு, காலை 7.10

ஊர்ப்பெயரோடு மீன் பெயர், இறக்கிய ஊர், வலையா தூண்டிலா மடியா, வந்த நாள். அவ்வளவு போதும். "நல்ல மீன்", "சஸ்டெய்னபிள்" எதுவும் வேண்டாம். தப்பென்று நிரூபிக்க முடிகிற வார்த்தை மட்டும் எழுதுங்கள். "தூத்துக்குடி, தூண்டில்" என்று எழுதினால் ஒரு தூத்துக்குடிக்காரர் வந்து வாயைப் பார்த்து, இது தூண்டில் மீன் இல்லை என்று சண்டை போடலாம். "சஸ்டெய்னபிள்" என்று எழுதினால் யாரும் சண்டை போட முடியாது, அதனால்தான் எல்லோரும் அதை எழுதுகிறார்கள்.

முடிந்தால் பலகை ஓரத்தில் ஒரு அளவுகோல் வரைந்துவிடுங்கள். கேரளத்தில் குறைந்தபட்ச அளவு சட்டத்திலேயே இருக்கிறது: மத்தி 10 செ.மீ., அயிலை 14, கிளிமீன் 12. வாங்குகிறவர் தானே வைத்துப் பார்க்கலாம். யாரையும் நம்ப வேண்டியதில்லாத தகவல் அது ஒன்றுதான்.

குளச்சல் மருமகள் | ஞாயிறு, காலை 7.25

வஞ்சிரத்துக்கு அளவுகோல் பத்தாது. முதல் தடவை முட்டையிடவே சுமார் 70 செ.மீ. வளர வேண்டும் என்கிறார்கள். ஆனால் "ஒரு ஆளுக்கு ஒரு முழு மீன்" என்று குட்டி வஞ்சிரத்தைப் பொரித்துக் கொடுக்கும் ஓட்டல்களில் வரிசை நிற்கிறது. துண்டு போட்டால் அளவும் போச்சு, பெயரும் போச்சு. முழு மீனாகப் பார்த்து, முன்னால் வெட்டச் சொல்லுங்கள் அக்கா. ஆப்பில் அது நடக்காது.

அடையாறு நண்டு | ஞாயிறு, காலை 8.00

முழு வஞ்சிரம் வாங்கினால் என் வீட்டில் ஒரு வாரத்துக்கு அதுதான். இருந்தாலும் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுப் பார்க்கிறேன். உக்கடம் அண்ணா, எழுதிவிட்டு என்ன ஆனது என்று கட்டாயம் சொல்லுங்கள்.

உக்கடம் ஐஸ்பெட்டி | அடுத்த ஞாயிறு, மாலை 5.40

ஒரு வாரம் எழுதினேன். கதை இதுதான்.

திங்கள் முதல் புதன் வரை யாரும் படிக்கவில்லை. வியாழன் ஒரு கல்லூரிப் பையன் ஃபோட்டோ எடுத்தான். தூண்டிலில் பிடித்த பாறை மீனுக்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் கூட வைத்தேன், பாதி விற்றது, மீதியைப் பழைய விலைக்குத் தள்ளினேன். அளவுகோல்தான் எதிர்பாராமல் ஓடியது. சின்னப் பிள்ளைகள் வந்து ஒவ்வொரு அயிலையாக வைத்து அளந்து, "அண்ணா இது ஃபெயில்" என்று சத்தம் போட, 14க்குக் கீழே இருந்த ஒரு கூடை எனக்கு நஷ்டம். அடுத்த நாள் எடுக்கும்போது ஏஜென்ட்டிடம் பொடியைக் கலக்காதே என்று சொல்லிவிட்டேன். சிரித்தான், ஆனால் கலக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த கணவாய்ப் பெட்டி எங்கிருந்து, எந்த மடி என்று ஏஜென்ட்டுக்கே தெரியவில்லை. விடவா எழுதவா என்று யோசித்து, கடைசியில் "கணவாய், தெரியவில்லை" என்று எழுதினேன். வழக்கமாக வரும் ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பலகையை மேலிருந்து கீழே படித்தார். "சரிப்பா, இது தெரியாது என்கிறாய். மத்ததெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ஏஜென்ட் சொன்னான் என்றேன். "அவனுக்கு?" என்றார். பாம்பன் தம்பி, இதற்குத்தான் உன்னிடம் வருகிறேன். என்னிடம் பதில் இல்லை. சீலாவோடு அரைக் கிலோ கணவாயும் வாங்கிக்கொண்டு போனார்.

பாம்பன் காற்று | அடுத்த ஞாயிறு, மாலை 6.15

அப்பாவிடம் பேசினேன் அண்ணா. எங்கள் தெருவில் நாட்டுப்படகுக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்தால் வாரத்துக்கு இரண்டு பெட்டி ஏலத்துக்கு முன்பே தனியாகக் கட்டித் தரலாமாம். பெட்டிக்குள் ஒரு அட்டையில் படகு நம்பரும் வலையும் எழுதிப் போடுகிறோம். ஆனால் வியாபாரியிடம் இரண்டு பேருக்கு முன்பணக் கடன் இருக்கிறது, அவர்கள் மீனை வேறு பக்கம் தர முடியாது. அதனால் இப்போதைக்கு நாலு பேர், ஒரு பெட்டி. பஸ்ஸில் போட்டுவிடலாமா, ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உக்கடம் ஐஸ்பெட்டி | அடுத்த ஞாயிறு, மாலை 6.22

ராத்திரி பஸ் என்றால் தாங்கும். தெர்மோகோல் பெட்டி, மீனும் ஐஸும் சரிபாதி, தண்ணீர் வடிய ஓட்டை. அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போடச் சொல்லு தம்பி, இல்லாவிட்டால் மை கரைந்துவிடும்.